எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவமழை கூடுவது எப்படி?

காவிரிக்கரை:
பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ என்றாலே வறட்சி என்கிறார்கள். 2015-இல் நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது சரி. அதே ஆண்டு டிசம்பர் 1 பெருமழையில் சென்னை மூழ்கியதே? சம்பா நாற்று விடும் முன் எதைப் பார்த்து முடிவெடுக்கலாம்?

மேகவலை:
பசிபிக்கில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளியே வைத்திருக்கும். அங்கே கடல்மட்டம் பெரு கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே நகரும், மேகக்கூட்டமும் கூடவே போகும். இதுதான் எல் நினோ. இந்தோனேசியா மேல் காற்று கீழிறங்கத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த இறக்கம் இந்தியா வரை நீண்டு மழையை அமுக்கும். அக்டோபருக்குப் பின் நமக்கு மழை தருவதே கிழக்கிலிருந்து வரும் கீழைக்காற்று. இந்தோனேசியா மேல் இறங்கிய காற்று மேற்கே பாய்ந்து அந்தக் கீழைக்காற்றுக்கு வலு சேர்க்கும். வங்கக்கடல் ஈரம் நம் கரையில் வந்து குவியும். 1997-இலும் வடகிழக்கு மழை கொட்டியது.

தென்கடல்:
இந்தியப் பெருங்கடலையும் சேர்த்துப் பாருங்கள் சார். 1997-இல் அதன் மேற்குப் பகுதி சூடு, சுமத்ரா ஓரம் குளிர். இதை நேர்மறை இருமுனை என்பார்கள். அவ்வளவு பலமான எல் நினோவிலும் தென்மேற்கு மழை குறையாததற்கு இது முக்கியக் காரணம். 2016-இல் இதற்கு நேர்மாறான எதிர்மறை இருமுனையும், எல் நினோவுக்கு நேர்மாறாகப் பசிபிக் குளிரும் லா நினாவும் சேர்ந்தன. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. வர்தா புயல் வந்தும் ஈடாகவில்லை. ஆனால் லா நினா என்றாலே மழை பொய்க்கும் என்று எழுதிவிடாதீர்கள். 2010, 2021 இரண்டும் லா நினா, இரண்டிலும் மழை அதிகம்.

காவிரிக்கரை:
அப்போ பசிபிக்கின் நடுவே உள்ள நினோ 3.4 பகுதியின் கடல் வெப்பம் இயல்பைவிட 0.5 டிகிரி கூடினால் எல் நினோ என்று எடுத்துக்கொள்ளலாமா?

மேகவலை:
ஒரு வார அளவை வைத்து வேண்டாம், மூன்று மாதச் சராசரி பாருங்கள். காற்றும் மாற வேண்டும். 2014 தொடக்கத்தில் பசிபிக் கடலுக்கடியில் வெந்நீர் பெரிய அலையாகக் கிழக்கே ஓடியது. காற்று மசியவில்லை, எதிர்பார்த்த பெரிய எல் நினோ அந்த ஆண்டு வரவில்லை. தஹிதி, டார்வின் இரண்டுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டைக் காட்டும் தெற்கு அலைவுக் குறியீடு −7-க்குக் கீழேயே நிலைத்தால்தான் வளிமண்டலமும் இணைந்தது என்று கொள்ளலாம். மார்ச் முதல் மே வரை வரும் கணிப்புகள் அடிக்கடி தவறும், ஆகஸ்டில் வருவதை எடுங்கள்.

தென்கடல்:
இவையெல்லாம் பருவம் முழுமைக்கான சாய்வுதான். எந்த வாரம் மழை என்று பார்க்க மேடன்–ஜூலியன் அலைவு வேண்டும். 30 முதல் 60 நாளில் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றும் மேக, மழை அலை அது. அதன் பாதையை எட்டுக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். 3, 4-ஆம் கட்டங்களில் அது இருக்கும்போது வங்கக்கடலில் தாழ்வு உருவாக வாய்ப்பு கூடும். உரமிடும் நாளை அதை வைத்துத் தள்ளிப்போடலாம்.