சொல் வேண்டும்: வண்டுகளுக்குக் காப்பிட வலையா, கோவையா, தொடரா?

வணக்கம்.

ஐரோப்பாவில் அருகிவரும் வண்டுகளைப் பற்றிய சிறு நூல் ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நேச்சுரா 2000 என்ற ஏற்பாடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உயிரினங்களின் வாழிடங்களைக் காக்க ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் பிறப்பித்த வாழிட ஆணையின் வழியே வந்தது. 27,000க்கும் மேற்பட்ட காப்பிடங்கள், அதாவது பாதுகாக்கப்பட்ட இடங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 18 விழுக்காடு. இவை தனித்தனித் தீவுகளாக இல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த 'நெட்வொர்க்'குக்குத் தமிழில் என்ன சொல்வது? 'காப்பிட வலைப்பின்னல்' என்று போட்டிருந்தேன். என் மகள் படித்துவிட்டு, "வண்டு பிடிக்கிற வலையாம்மா?" என்கிறாள்.

— க.

—

'பிணையம்' என்று போட்டுவிட்டுத் தூங்குங்கள். கணினித் துறையில் ஊன்றிவிட்ட சொல்.

— ம.

—

> பிணையம்

நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்ல மாட்டீர்கள். 'காப்பிடப் பிணையம்' என்றால் வண்டை யாரோ ஜாமீனில் எடுத்ததுபோல் இருக்கிறது.

— வழக்கறிஞர் சு.

—

அன்புள்ள க. அம்மையாருக்கு,

வலை என்பது அகப்படுத்துவது. காப்பதற்கு அச்சொல் ஆகாது. மீனும் மானும் வலையில் பட்ட கதையைத்தான் நம் இலக்கியம் பேசுகிறது. 'கோ' என்ற வினையடியிலிருந்து கோவை. மணிகளைக் கோத்தது கோவை, பாடல்களைக் கோத்ததும் கோவை. மணி தனி, நூல் பொது. 'காப்பிடக் கோவை' என்பதே தகும். அத்துடன் 'வண்டு' என்று பொதுப்படச் சொல்லலாமா என்பதும் ஆராயத்தக்கது. சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பாகுபாடு நம்மிடம் உண்டு. தேனெடுப்பதை வண்டென்றவன் தமிழன், மரம் குடைவதையும் வண்டென்பது பிற்கால மயக்கமே. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டுத் தும்பியை இன்று தட்டானுக்குக் கொடுத்துவிட்டோம். அதுபற்றி விரிவாகத் தனி மடல் எழுதுவேன்.

— புலவர் இரா.

—

ஐயா, தலைப்பில் 'கோவை' என்று இருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் வனக்கல்லூரியைப் பற்றிய நூல் என்று வாங்கிவிடுவார்கள்.

பூச்சியியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லைத் தேடும் முன் வண்டு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். நூலில் வரும் துறவி வண்டு, ஒஸ்மோடெர்மா எரெமிட்டா, முதிய ஓக் மரத்தின் பொந்தில் வாழ்வது. பொந்துக்குள் இற்றுப்போன மரத்தூளும் மட்கும் சேர்ந்து செம்பழுப்புப் பொடியாகக் கிடக்கும். புழு அதைத் தின்று ஓரிரு ஆண்டுகளுக்கு மேலும் அதற்குள்ளேயே கிடக்கிறது. கணக்கெடுப்பவர்கள் பொடியைச் சலித்து எலிப் புழுக்கைபோல இருக்கும் அதன் எச்சத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆண் வண்டிலிருந்து பழுத்த பீச் பழ வாசனை வரும். அப்புறம், சிறகு முளைத்த பிறகாவது வெளியே போகிறதா என்றால், சுவீடனில் நடந்த ஆய்வுகளின்படி பெரும்பாலானவை பிறந்த மரத்தை விட்டே போவதில்லை. போகிறவையும் பெரும்பாலும் சில நூறு மீட்டரோடு சரி. ஆகவே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்துவிட்டு வலை என்றாலும் பிணையம் என்றாலும் வண்டுக்கு ஒரு பயனும் இல்லை. பக்கத்து மரம் பக்கத்தில் இருக்க வேண்டும், முதியதாக இருக்க வேண்டும், இது சாயும்போது அதில் பொந்து விழுந்திருக்க வேண்டும். இந்த அண்மையும் காலத் தொடர்ச்சியும் சொல்லில் தெரிய வேண்டும் என்பதால் என் பரிந்துரை 'காப்பிடத் தொடர்'.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 'பட்ட மரத்தில் வாழும்' என்று இருக்கிறது. மாற்றிவிடுங்கள். அந்த ஓக் இலை விட்டுக்கொண்டு உயிரோடுதான் நிற்கும், நடுவயிரம் மட்டும்தான் இற்றிருக்கும். 'பொந்து மரம்' போதும்.

— செ.

—

செ. அவர்கள் 'தொடர்' என்றது ஒரே வரிசையைக் குறிக்கும், கிளைப்பதைக் குறிக்காது. ஆனால் அண்மை பற்றிய கருத்து நன்று. இடையில் தங்கிச் செல்லும் மரத்துக்கு 'தாவளம்' என்ற அருஞ்சொல் இருக்கிறது. தாவு என்றால் தங்குமிடம், தாவுதல் என்றால் பாய்தல். தங்கிப் பாய்வதற்கான இடம் என இரண்டையும் ஒரே வேரில் அடக்கிய மொழி இது. 'தாவளக் கோவை' எனலாம்.

— புலவர் இரா.

—

உங்கள் வேர்ச்சொல் ஆராய்ச்சியைப் படித்து எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது ஐயா. பத்து வயதுப் பிள்ளைக்குத் தாவளம் எப்படிப் புரியும்?

— ம.

—

வணக்கம், ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறேன். இலங்கையில் நாங்கள் படித்த காலத்திலேயே இது வலையமைப்புத்தான், ஒரு பிள்ளையும் மீன் வலை என்று நினைக்கவில்லை. 'அமைப்பு' என்ற ஒட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இந்த வண்டு இங்கே பெயர்போனது. 2010இல் ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத் திட்டத்துக்காகப் பூங்காவில் மரம் வெட்டியபோது பத்திரிகையெல்லாம் இதன் பேச்சுத்தான். செ. பீச் பழம் என்கிறார், ஜெர்மன்காரர் பதனிட்ட தோலின் மணம் என்று பெயரே வைத்திருக்கினம். அவரவர் மூக்கு.

— த.

—

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தால் 'வலையமைப்பு'க்கு மூன்று பேர், 'தொடரு'க்கு இருவர், மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். 'காப்பிட வலையமைப்பு' என்றே அனுப்புகிறேன். 'பொந்து மரம்' திருத்திவிட்டேன். தாவளத்தை மட்டும் ஒரு பெட்டிச் செய்தியில் இடைத்தங்கல் மரத்துக்கு வைத்திருக்கிறேன், பதிப்பாசிரியர் விட்டால் இருக்கும்.

— க.

—

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் ஒப்பவில்லை. அதே நூலில் வரும் ரோசாலியா வண்டைப் பாருங்கள். பீச் (beech; பழம் தரும் peach அல்ல) மரக் கட்டைகளைக் காட்டோரம் அடுக்கி வைத்தால் பெண் வண்டு அதில் முட்டையிடுகிறது, பிறகு லாரி வந்து கட்டையோடு முட்டையையும் ஏற்றிப்போகிறது. காப்பிடத்தின் உள்ளேயே இது நடக்கலாம். அமைப்பு என்று பெயர் வைத்தால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அடுத்த பதிப்பில் 'தொடர்' என்று மாற்றக் கேட்பேன்.

— செ.

—

'ரோசாலியா'வுக்குத் தமிழ்ப்பெயர் யாரும் கேட்கவில்லையே? நீலச்சாம்பல் உடல், கரும்புள்ளி, நெடிய உணர்கொம்பு. நாளை எழுதுகிறேன்.

— புலவர் இரா.