தீவுக்குப் புத்தகப் பெட்டி போன கதை: கொண்டு போனவையும் வாங்கிப் படிச்சவையும் எழுதுங்கோ

கரையோரம்:
குறிகட்டுவான் ஜெற்றி, லோஞ்ச் எண்ட மோட்டர் வள்ளம், தலையிலை பெட்டி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், விடுறன். நாலைஞ்சு பேர் சேர்ந்து யாழ்ப்பாணக் கரைக்கு அங்காலை இருக்கிற நெடுந்தீவுக்கு மாதம் ஒருக்காப் புத்தகம் கொண்டு போன காலம். பள்ளிக்கூட விறாந்தையிலை வாங்கைப் போட்டுப் பரப்பி வைப்பம். ஒராளுக்கு ஒண்டு. அந்தச் சட்டம் போட்டதே நான்தான்.

ஒரு பெடியன், பத்து வயசிருக்கும், மெல்லிய கதைப்புத்தகம் ஒண்டை எடுத்துப் பேரும் பதிஞ்சிட்டான். போகேக்கை திரும்பி, "இனி எப்ப வருவியள்?" எண்டான். சோளகம், அதுதான் தென்மேல் காத்து, எழும்புற நேரம். "கடல் விட்டால் வருவம்" எண்டன். அவன் ஒண்டும் பேசேல்லை. கதைப்புத்தகத்தை வைச்சிட்டு, கிடந்ததையெல்லாம் விரலாலை அளந்து பாத்து, எல்லாத்திலையும் மொத்தமானதைத் தூக்கினான். ஆங்கில-தமிழ் அகராதி. "அது கதை இல்லையடா தம்பி." "தெரியும்" எண்டான்.

நாங்கள் அடுத்ததாப் போனது ஐஞ்சு மாதம் கழிச்சு. அந்தக் கதைப்புத்தகத்தையும் சேத்துக் குடுத்திருந்தால் எனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?

தீவாள்:
அண்ணை, உங்களைக் குறை சொல்லேல்லை. ஆனால் நான் வாங்கின பக்கம் நிண்ட ஆள். பெட்டி வருது எண்டால் ஓடுவம். ஒருமுறை திறந்தால் மேலை கிடந்தது விண்டோஸ் 95 கையேடு. கீழை கணக்கியல் வழிகாட்டி, பழைய பாடத்திட்டத்து வினாத்தாள்கள். எங்களுக்கு அப்ப ஜெனரேற்றர் கரண்ட், அதுவும் நேரம் பாத்துத்தான். கொண்டு வந்தவர் படம் எடுக்கோணுமாம், ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடை பிடிக்கட்டாம். எனக்கு வாய்ச்சது விண்டோஸ். பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். அந்தப் படம் இப்பவும் ஆற்றையோ அல்பத்திலை கிடக்கும், நினைச்சால் பத்திக்கொண்டு வருது. அலுமாரி துப்பரவாக்கினதைத் தீவுக்கு அனுப்பிப்போட்டு நூலகம் எண்டு சொல்லாதேங்கோ.

பேர்கன்வாசி:
இஞ்சை நோர்வே மேற்குக் கரையிலை 'எப்போஸ்' எண்டு ஒரு புத்தகக் கப்பலே ஓடினது. சேவை தொடங்கினது 1959. கப்பல் 1963இலை இதுக்கெண்டே கட்டினது. உள்ளுக்கை கிட்டத்தட்ட 6,000 புத்தகம். அதுவும் குளிர்காலப் பக்கம்தான், வருசத்துக்கு ஒண்டிரண்டு தரம் ஒரு துறைக்கு வரும். நான் கண்டது ஒரேயொரு நாள். ஒரு கிழவி ஒற்றைச்சில்லுத் தள்ளுவண்டியிலை புத்தகத்தைக் குவிச்சுத் தள்ளிக்கொண்டு துறைக்கு வந்தா. போகேக்கையும் அதே வண்டி நிறையப் புத்தகம். ஆரும் எண்ணேல்லை.

கரையோரத்துக்குச் சொல்லுறன்: எப்ப வருவம் எண்டு சொல்லேலாதவை, ஆளுக்கு ஒண்டு எண்டு சட்டம் போடக்கூடாது. அந்தக் கப்பலையும் 2020இலை நிப்பாட்டிப்போட்டாங்கள்.

தீவாள்:
கப்பலோடை எங்களை ஒப்பிடாதேங்கோ. லோஞ்சிலையிருந்து பெட்டி இறக்க ஆள் பிடிக்கிறதே எங்களுக்குப் பெரும்பாடு.

பழைய நூலகர்:
தீவுக்கு ஒரே தடவைதான் போனேன். அலை அடித்து ஒரு பெட்டி நனைந்தது, அவ்வளவே. ஆனால் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும். அட்டைப்பெட்டி கூடவே கூடாது, மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டி வாங்குங்கள். ஒருவர் தனியே தூக்கக்கூடிய பாரத்துக்கு மேல் அடுக்காதீர்கள், ஜெற்றியில் இரண்டு பேர் நிற்கவே இடமிராது. உப்புத்தண்ணி பட்ட புத்தகத்தைப் பதறிப்போய் வெயிலில் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். தாள் நெளிந்துவிடும். நிழலில் காற்றுப்படும்படி நிறுத்தி, தாள்களுக்கிடையில் வெறுங்கடதாசி வைத்து, ஈரம் ஏற ஏற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழுவழுப்பான தாள் என்றால் இன்னும் கவனம், ஒட்டியபடி காய்ந்தால் பிறகு பிரிக்க முடியாது. பதிவேடு இரண்டு வேண்டும், ஒன்று தீவிலேயே இருக்கட்டும். கடல் விடாத மாதங்களில் அங்கே ஒரு ஆசிரியரோ மாணவரோ பெட்டியைத் திறந்து தாங்களே மாற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் ஒன்றும் புதிதல்ல. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊரூராகப் போனது. மனம் இருந்தால் எதுவும் முடியும்.

தீவாள்:
மாட்டுவண்டிக்குச் சோளகம் தெரியாது ஐயா. ஆனால் பெட்டியைத் தீவிலை விடுற யோசனை நல்லம். எங்களிட்டை அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை.

பேர்கன்வாசி:
அது சரி, அகராதி திரும்பி வந்ததோ?

கரையோரம்:
இல்லை. நானும் கேக்கேல்லை. ஐஞ்சு மாதத்துக்குப் பிறகு போகேக்கை பெடியன் படிக்க யாழ்ப்பாணம் போட்டான் எண்டிச்சினம், தாயும் வீட்டிலை இல்லை. பழைய நூலகர் ஐயாவுக்கு நன்றி. பிளாஸ்ரிக் பெட்டிக்கு எங்களிட்டைக் காசிருக்கேல்லை. தறப்பாளும் லோஞ்ச்காரரின்ரை. மழை வந்தால் அதை முதல் என்ஜினுக்குத்தான் மூடுவார்.