11 கேவி ஃபீடரில் கெப்பாசிட்டர் பேங்க்: எங்கே, எவ்வளவு?

வணக்கம். ஒரு 11 கேவி ரேடியல் ஃபீடரில் (சப்ஸ்டேஷனிலிருந்து ஒரே பக்கமாக மின்சாரம் போகும் லைன்) இழப்பைக் குறைக்க ஷன்ட் கெப்பாசிட்டர், அதாவது லைனுக்கு இணையாக இணைக்கும் கெப்பாசிட்டர் தொகுதி (பேங்க்), வைக்கப் பார்க்கிறேன், இடமும் அளவும் முடிவு செய்ய உங்கள் உதவி வேண்டும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.8-இலிருந்து 0.95-க்கு ஏறினால், அதே கிலோவாட்டுக்கு மின்னோட்டம் குறைந்து, கம்பியில் சூடாகப் போகும் இழப்பு சுமார் 29 சதவீதம் இறங்கும், அதுவரை சரி. சுமை சீராகப் பரவியிருந்தால் ரியாக்டிவ் சுமையில் (மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக இழுக்கும், வேலை செய்யாத திறன்; அலகு கிலோவார்) மூன்றில் இரண்டு பங்குக்கு ஈடான கெப்பாசிட்டரை, சப்ஸ்டேஷனிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வைக்கலாம் என்ற விதியும் தெரியும். ஆனால் இங்கே பெரிய மோட்டார்கள் எல்லாம் லைனின் கடைசிப் பகுதியில் குவிந்திருக்கின்றன. பேங்கை அங்கேயே தள்ளிவிடலாமா, இரண்டாகப் பிரிப்பது நல்லதா?

அதைவிட உறுத்துவது இரவு நேரம். உச்சநேரத்தில் 1,200 கிலோவார் இழுக்கும் லைன், நள்ளிரவில் 300-க்கு வந்துவிடுகிறது. முழுவதையும் நிரந்தரமாக இணைத்து விட்டால் கெப்பாசிட்டர் தேவைக்கு மிஞ்சி பவர் ஃபேக்டர் லீடிங் ஆகி, கடைசி முனையில் வோல்டேஜ் ஏறி, இழப்பும் திரும்பக் கூடும். அதனால் 300 மட்டும் நிரந்தரம், மீதி ஸ்விட்ச் வைத்து என்று நினைக்கிறேன். அதற்கு டைமர் போதுமா, இல்லை ரியாக்டிவ் பவரை அளந்து இயங்கும் கன்ட்ரோலர்தான் வேண்டுமா?

அப்புறம், அந்த மோட்டார்களில் பல, வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவில் ஓடுகின்றன. அவை கிளப்பும் ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக்கோடு (மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல் 5, 7 மடங்கு அதிர்வெண் உள்ள அலைகள்) கெப்பாசிட்டர் சேர்ந்து ரெசொனன்ஸ் ஆகி, அந்த அலைகள் பெருகிவிடக் கூடாது. களத்தில் இதைச் செய்தவர்கள் எங்கே, எத்தனை நாள் அளந்தீர்கள் என்று சொல்லுங்கள்.