வாய் ஓயாம மெல்லுற மாதிரி அசையுது, மாத்திரையால வந்ததுங்கறாங்க. தினப்பாடு எப்படி ஓட்டுறது?

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். அத்தைக்கு 61 வயசு, சுகர் உண்டு. மனநல சிகிச்சையில 11 வருஷமா ரிஸ்பெரிடோன், ராத்திரி 4 மி.கி. கூடவே காலையும் மதியமும் ட்ரைஹெக்சிபெனிடில் 2 மி.கி. சில மாசமா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாய் மெல்லுது, நாக்கு வெளிய வந்து வந்து போகுது, கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கிட்டே இருக்கு. தூங்கினா எல்லாம் நின்னுருது. டாக்டர் சீட்டுல 'டார்டிவ் டிஸ்கைனீசியா'ன்னு எழுதியிருக்காரு. மருந்தை ஒரேயடியா நிறுத்த முடியாது, மெல்ல இறக்கிப் பார்ப்போம்னு 3 மி.கி. ஆக்கியிருக்காரு. ரெண்டு வாரம் ஆச்சு, அசைவு முன்னைவிடக் கூடித்தான் இருக்கு.

எனக்குத் தெரிய வேண்டியது: இறக்கினதும் கூடுதுன்னா, இறக்கினதே தப்பா? சாப்பிடும்போது புரை ஏறுது, ரெண்டு மாசத்துல 52 கிலோ 49 ஆயிருச்சு, எதைக் குடுக்கலாம்? பல்செட் நிக்கவே மாட்டேங்குது. ஐப்பசியில வீட்டுல கல்யாணம், நாலு பேர் நடுவுல எப்படி உட்கார வைக்கிறது?

மருந்துப்பெட்டி:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். சாப்பாட்டுக்கு இங்கயே ஆள் இருக்காங்க, வருவாங்க.

இறக்கினது தப்பில்லை. ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகள் மூளையில டோபமைன்ங்கற ரசாயனம் வந்து உட்கார்ற இடத்தை அடைச்சு வைக்கும். வருஷக்கணக்கா அடைச்சு வச்சா அந்த இடங்கள் கூடுதல் உணர்ச்சியோட ஆயிரும், அசைவு அதனாலதான் வருதுங்கறது ரொம்ப நாளாச் சொல்ற விளக்கம். மருந்து குறைஞ்சதும் அடைப்பு விலகும், உள்ள மறைஞ்சு கிடந்த அசைவு வெளிய தெரியும். பழையபடி 4 மி.கி. ஆக்கினா கொஞ்ச நாள்ல அடங்கின மாதிரி இருக்கும். அது கொதிக்கிற உலைக்கு மூடி போட்டது மாதிரி, அவ்வளவுதான். குறைச்சதுனால கூடுற அசைவு தணிய பல வாரம், சிலருக்கு மாசக்கணக்கு ஆகும். ரெண்டு வாரத்துல முடிவு கட்டாதீங்க. ஆனா தூக்கம் கெடுறது, சந்தேகம், தனக்குத்தானே பேசுறதுன்னு பழைய நோயோட அறிகுறி எட்டிப் பார்த்தா அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லணும்.

அடுத்து அந்த ட்ரைஹெக்சிபெனிடில். 'நடுக்க மாத்திரை'ன்னு குடுப்பாங்க. கை நடுங்குறது, உடம்பு விறைக்கிறது, பாதத்தை இழுத்து இழுத்து நடக்குறது, இதெல்லாம் பார்க்கின்சன் சாயல். அதுக்கு இது கேட்கும். வாய் மெல்லுறதும் நாக்கு தள்ளுறதும் வேற சமாச்சாரம். அதுக்கு இது கேட்காது, பல பேருக்குக் கூட்டியும் விடும். ரெண்டுமே 'மாத்திரையால வர்ற ஆட்டம்'னு ஒரே பேர்ல ஓடுறதுதான் வினை. அறுபது தாண்டினவங்களுக்கு இன்னும் தொந்தரவு: வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் தங்குறது, மறதி. டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க: "இது இன்னும் வேணுமா, படிப்படியா எடுத்துரலாமா?" நீங்களா ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. குமட்டல், வேர்வை, தூக்கமின்மைன்னு திருப்பி அடிக்கும். ரிஸ்பெரிடோன் அட்டையில பேருக்குப் பின்னாடி 'பிளஸ்'னு இருந்தா ரெண்டும் ஒரே மாத்திரையில கலந்திருக்க வாய்ப்பு இருக்கு. அப்ப தனியாவும் இது போகுதுன்னா கணக்கு இரட்டிக்கும்.

இப்ப முக்கியமான வேலை. வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும் கவுத்துப் போட்டு, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. தேட வேண்டிய பேர்கள்: லெவோசல்பிரைடு, மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ஃப்ளூனரிசின், சின்னரிசின். முதல் மூணும் கேஸ், வாந்தி, தலைசுத்தலுக்கும், கடைசி ரெண்டும் ஒத்தைத் தலைவலிக்கும் தலைசுத்தலுக்கும் எழுதுறவை. எல்லாமே டோபமைனை ஏதோ ஒரு அளவு அடைக்கிற சாதிதான். அமெரிக்காவுல மெட்டோகுளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல குடுக்காதீங்கன்னு 2009லயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிச்சாச்சு. ஐரோப்பாவுல 2013லிருந்து 5 நாள்தான். நம்ம ஊர்ல கேஸ் மாத்திரையை வருஷக்கணக்கா மளிகை மாதிரி வாங்குறோம்.

கோரிப்பாளையம் ஜங்ஷன்:

எல்லா இங்கிலீஷ் மாத்திரையையும் நிறுத்திட்டு ஒரு மண்டலம் நாட்டு மருந்து குடுங்க, தானா நின்னுரும்.

மருந்துப்பெட்டி:

அண்ணே, அந்த யோசனை வேண்டாம். 11 வருஷ மருந்தைச் சட்டுனு நிறுத்தினா அசைவு நிக்காது, உச்சத்துக்குப் போகும். கூடவே மனநோயும் திரும்பி வந்தா மறுபடி பெரிய டோஸ்ல ஆரம்பிக்க வேண்டியதாயிரும். நாட்டு மருந்து குடுக்கிறதா இருந்தாலும் அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் குடுக்கணும்.

விழுங்கல்_பயிற்சி:

அத்தை இரண்டு மாதத்தில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கிறார். புரையும் ஏறுகிறது. எனவே நான் கீழே சொல்வதை வீட்டில் செய்துகொண்டே, விழுங்கும் திறனை ஒருமுறை பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரிடம் சோதித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். காய்ச்சல், சளி, சாப்பிட்டபின் மூச்சிரைப்பு இருந்தால் காத்திருக்க வேண்டாம். உணவு நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம்.

உட்காரும் முறைதான் பாதி வேலை. கட்டிலில் சாய்ந்து சாப்பிடுவது கூடாது. நாற்காலியில் முதுகு நேராக, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய. கால் எட்டவில்லை என்றால் ஒரு பலகை போடுங்கள். பாதம் அந்தரத்தில் தொங்கினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் தாடை இன்னும் ஆடும். முழங்கை இரண்டும் மேசைமேல் இருக்கட்டும். டிவியை அணைத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு 30 நிமிடம் படுக்கக் கூடாது.

சாப்பாட்டுக் கரண்டியை எடுத்து வைத்துவிட்டு டீஸ்பூன் கொடுங்கள். அதிலும் பாதிதான். நாக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது ஊட்டினால் உணவும் வெளியே வரும். நாக்கு உள்ளே போகும் கணத்தில் ஸ்பூனை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். நாக்கு உள்ளேயே நிற்க அந்த அழுத்தம் உதவும். ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கச் சொல்லுங்கள். பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்று கேட்டால் தொண்டையில் மிச்சம் இருக்கிறது. செருமி, மறுபடி விழுங்கிய பிறகே அடுத்த வாய். தாடையை மார்பை நோக்கிச் சற்றே தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. சோதித்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

என்ன கொடுக்கலாம் என்றால், வழுவழுப்பாகவும் ஒரே பதமாகவும் இருப்பது எதுவும். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் கட்டியாக விழும் கேப்பைக் கூழ், குழைய வெந்து மசித்த பருப்புச் சாதம், சாம்பாரில் ஊறி உருக்குலைந்த இட்லி (கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய் நாரை வடித்துவிட்டு), தயிரில் நன்றாகப் பிசைந்த சாதம். தவிர்க்க வேண்டியது இரண்டு பதம் கலந்தது. ரசம் சாதத்தில் ரசம் முன்னே ஓடித் தொண்டையில் இறங்கிவிடும், பருக்கை வாயிலேயே நிற்கும். புரை ஏறுவது அங்கேதான். மதுரைக்காரர்களுக்கு மனசு கேட்காது, ஆனாலும் சொல்கிறேன்: ஜிகர்தண்டா வேண்டாம். மெலிந்த பாலும் வழுக்கும் பாதாம் பிசினும் ஒன்றாக வாய்க்குள் போவதுதான் நான் சொல்லும் ஆபத்து, சுகருக்கும் ஆகாது. அதற்குப் பதில் பருத்திப்பால், தேங்காய்த் துருவல் போடாமல், கருப்பட்டியைக் குறைத்து, கெட்டியாகக் காய்ச்சினால் நன்றாக இறங்கும். பொரி, முறுக்கு, காய்ந்த சப்பாத்தி, வேர்க்கடலை கிட்டவே வேண்டாம்.

ஓயாத அசைவு உடம்பின் சக்தியைத் தின்னும். மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரியுங்கள். கூழில் ஒரு டீஸ்பூன் நெய், பருப்பில் மசித்த முட்டை. வாரம் ஒரு நாள், அதே தராசு, காலையில் வெறும் வயிற்றில் எடை. மாத்திரையை மட்டும் தண்ணீரோடு தராமல் ஒரு ஸ்பூன் கெட்டிக் கூழில் வைத்துக் கொடுக்கலாம். எதையும் பொடிக்கும் முன் மருந்துக்கடையில் கேளுங்கள், மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. ரிஸ்பெரிடோன் மில்லிக்கு 1 மி.கி. என்ற கணக்கில் திரவமாகவும் உண்டு.

திருமங்கலத்தான்:

மருந்துப்பெட்டி அண்ணே, அட்டையைக் கவுத்துப் பார்த்தேன். கேஸ் மாத்திரையில ராபெப்ரசோல் 20, லெவோசல்பிரைடு 75னு போட்டிருக்கு. பத்து மாசமா தினம் ஒண்ணு. இதை மனநல டாக்டர்கிட்ட யாரும் சொல்லவே இல்லை. விழுங்கல்_பயிற்சி அக்கா சொன்னபடி கால்பலகை போட்டாச்சு. பல்செட்டுக்கு என்ன செய்யலாம்? அசைவை நிறுத்துற மருந்துன்னு ஏதாவது இருக்கா? அத்தை வெத்தலைபாக்கும் போடுவாங்க.

மருந்துப்பெட்டி:

மாட்டிக்கிச்சு பாருங்க. அந்த அட்டையோட எழுதின டாக்டர்கிட்டயும் மனநல டாக்டர்கிட்டயும் போங்க. அசிடிட்டிக்கு ராபெப்ரசோல் தனியாவே கிடைக்கும். வாந்தி இருந்தா ஒண்டான்செட்ரான் மாதிரி டோபமைனைத் தொடாதது இருக்கு. அதுலயும் ஈசிஜி பார்த்துக்குறது நல்லது, மனநல மருந்தும் சேர்ந்து இதயத் துடிப்பு இடைவெளியை நீட்டலாம்.

அசைவைக் குறைக்கவே இருக்கிற மருந்துல வால்பெனசின், டியூடெட்ராபெனசின் ரெண்டுக்கும் 2017ல அமெரிக்காவுல இந்த நோய்க்குன்னே அனுமதி கிடைச்சுது. நம்ம ஊர்ல டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுறது பழைய டெட்ராபெனசின். 12.5 மி.கி.ல ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒரு படியா ஏத்துவாங்க. சீக்கிரம் உடம்பைவிட்டுப் போறதால ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளையாப் பிரிக்கணும். கவனிக்க வேண்டியது மனச்சோர்வு. அத்தை பேச்சைக் குறைச்சாலோ, 'இருந்து என்ன பிரயோசனம்'னு சொன்னாலோ உடனே டாக்டருக்குத் தெரியணும். ராத்திரின்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம். மனச்சோர்வுக்கு ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் போகுதுன்னா டெட்ராபெனசின் ரத்தத்துல ஏறும், டோஸ் குறைக்கணும். சிலருக்குக் குளோனாசெபாம் குடுப்பாங்க. கேட்கும், ஆனா இந்த வயசுல தள்ளாட்டமும் பழக்கமும் வரும். ஜின்கோங்கற மூலிகை மாத்திரை எழுதினா, ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்) போகுதான்னு சொல்லிருங்க, ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. ரிஸ்பெரிடோனையே மாத்துறதுன்னா குவெடியபின், குளோசபின்னு போவாங்க. குளோசபின்னா முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கணும், சுகரும் ஏறும்.

பாக்கை விடச் சொல்லுங்க. அதுல இருக்கிற அரெகோலின் நடுக்க மாத்திரைக்கு நேர் எதிரா வேலை செய்யும். புரை ஏறுற வாயில பாக்குத் தூளும் ஆபத்து.

வார்டு_சிஸ்டர்:

பல்செட் விஷயம். லூசான செட்டே வாய் அசைவைக் கூட்டும், ஏன்னா நாக்கு அதை ஓயாம சரி பண்ணப் பார்க்கும். அசைவு கூடக் கூட செட் இன்னும் லூசாகும். இந்தச் சுத்து நிக்கணும்னா பல் டாக்டர்கிட்ட உள்பக்கத்தை ஈறுக்கு ஏத்தபடி மறுபடி படிய வைக்கச் சொல்லுங்க. போனதுமே 'மாத்திரையால வாய் அசையுது'ன்னு சொல்லிருங்க. அசையிற வாயில அச்சு எடுக்கக் கூடுதல் நேரம் வேணும், மருந்து நல்லா வேலை செய்ற நேரமாப் பார்த்து வரச் சொல்வாங்க. ரெண்டு மூணு பல்லு மட்டும் கம்பியோட இருக்கிற சின்ன செட்டா இருந்தா அது சரியாகுற வரைக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டாம். தொண்டைக்குள்ள போயிரும். கூரா இருக்கிற சொந்தப் பல்லு நாக்கைக் குத்தினா முனையை மழுக்கிக்கலாம்.

அடுத்தது வீடியோ. 'கூடுது, குறையுது'ன்னு வாய்ல சொன்னா ஓபி வரிசையில டாக்டரால ஒண்ணும் பிடிக்க முடியாது. எய்ம்ஸ்னு ஒரு அளவுகோல் இருக்கு (தோப்பூர் எய்ம்ஸ் இல்லை, இது வேற). முகம், உதடு, தாடை, நாக்கு, கை, கால், உடம்புன்னு 7 இடத்துக்கும் 0லிருந்து 4 வரை மதிப்பெண். மார்க்கு போடுறது அவங்க வேலை, நமக்கு அதே முறையில எடுத்த வீடியோ போதும். கைப்பிடி இல்லாத கெட்டி நாற்காலி, செருப்பைக் கழட்டி, வாயில எதுவும் இல்லாம, கை முழங்கால் மேல. ஒரு நிமிஷம் சும்மா எடுங்க. வாயைத் திறந்து மூடி ரெண்டு தடவை, நாக்கை நீட்டி ரெண்டு தடவை. பிறகு கட்டைவிரலால மத்த விரல்களை ஒவ்வொண்ணா 15 நொடி தட்டச் சொல்லுங்க, ரெண்டு கையும் தனித்தனியா. கவனம் விரலுக்குப் போகும்போது வாய் அசைவு நிஜமா எவ்வளவுன்னு தெரியும். கடைசியா நாலு அடி நடந்து திரும்பணும். மாசம் ஒரு தடவை, அதே நேரம், மாத்திரை போட்டு அதே மணி கழிச்சு. மருந்து மாத்தின தேதியையும் டோஸையும் ஒரு நோட்டுல எழுதி வையுங்க.

கல்யாணத்துக்கு: பதட்டமும் தூக்கக் குறைவும் அசைவைக் கூட்டும். முந்தின ராத்திரி மண்டபத்துல தங்க வைக்காதீங்க. பந்திக்கு முன்னாடியே வீட்டுல சாப்பாடு முடிச்சுருங்க, பந்தியில வெறும் இலைக்கு உட்கார்ந்து எழுந்தா போதும். சுவரோரம், முதுகும் கையும் சாயிற நாற்காலி. கையில கைக்குட்டை, அதைத் தாடையில லேசா வச்சுக்கிட்டா சிலருக்கு அந்தத் தொடுதலே அசைவைக் கொஞ்சம் அடக்கும். பார்க்கிறவங்களுக்கும் சாதாரணமாத் தெரியும். 'என்னம்மா மென்னுக்கிட்டே இருக்கீங்க'ன்னு கேட்கிறவங்களுக்கு அத்தையே சொல்ல ஒரு வரி வச்சுக்கோங்க: "மாத்திரையோட பக்கவிளைவு, வலி கிலி இல்லை." எதிர்ல உட்கார்ந்து 'வாயை மூடு'ன்னு அடக்குற சொந்தக்காரங்களைத் தூரமா உட்கார வைங்க. கொஞ்ச நேரம் அடக்கலாம்தான், அதுக்கு அப்புறம் சேர்த்து வச்சு வரும்.

இந்த மாதிரி பக்கவிளைவை நோயாளி வீட்டாரே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கலாம், 1800-180-3024 இலவச எண். மருந்து பேரு, டோஸ், ஆரம்பிச்ச தேதி கேட்பாங்க. அந்த லெவோசல்பிரைடு அட்டையைத் தூக்கிப் போட்டுராதீங்க, பேட்ச் நம்பர் அதுலதான் இருக்கு.