சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி: எப்படி வேலை செய்யுது, எதில் கவனம் வேணும்?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் தசைக்குள் இறங்காத புற்றுக்கட்டி, சுரண்டி எடுத்தாச்சு. அடுத்து பிசிஜி என்கிறார்கள். காசநோய்த் தடுப்பூசிக் கிருமி புற்றுநோயில் என்ன செய்யும்?

பதில் 1: உயிருள்ள கிருமி பையின் உட்சுவரில் ஒட்டும். அதை எதிர்க்கத் திரளும் வெள்ளை அணுக்கள் (நியூட்ரோபில்களும் டி அணுக்களும்) மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் தாக்கும். வாரம் ஒருமுறை, 6 வாரம். 50 மி.லி. சலைனில் கலந்து குழாய் வழியே ஏற்றுவார்கள், 2 மணி நேரம் அடக்கணும். கட்டி எடுத்து 2 வாரமாவது ஆகணும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, குழாய் போடும்போது காயம் பட்டாலோ அன்றைக்கு வேண்டவே வேண்டாம். கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

பதில் 2: சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்து எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்க, அது கிருமியைக் கொன்று பலனைக் குறைக்கும். முதல் 6 மணி நேரம் அப்பா உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். ஒவ்வொரு முறையும் பிளீச் ஊற்றி, 15 நிமிடம் விட்டு ஃபிளஷ் பண்ணுங்க. எரிச்சல், லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கும். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காத்திருக்காதீங்க. கிருமி உடம்பில் பரவியிருந்தால் காசநோய் மருந்துதான். ஆனால் அந்த மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு மட்டும் இந்தக் கிருமிக்கு எடுபடாது.

பதில் 3: 6 தவணையோடு விட்டுடாதீங்க. 3, 6, 12-ஆம் மாதங்களில் மும்மூன்று தவணை உண்டு. ஆபத்து அதிகமென்றால் 3 வருஷம் வரை. இடையிடையே சிஸ்டோஸ்கோப்பியும் (கேமராக் குழாய் விட்டுப் பைக்குள் பார்ப்பது) தவறக்கூடாது.