திஸ்கி கோப்புகளும் கிட்டும்: கொஞ்சம் உதவுங்க

நண்பர்களே, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் (TSCII) தட்டின பழைய கதைகளை மூணு பேர் சேர்ந்து, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) வைத்துத் திருத்துறோம். பழைய எடிட்டரை விட மனசில்லாத ஒருத்தர் இருக்கார், அதனால் வெளியே எடுக்கும்போது திஸ்கியாகவே வரணும். அதுக்கு கிட் 2.18-இல் (2018) வந்த வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங் (working-tree-encoding) அமைப்பு இருக்கு; கிட்டுக்கு உள்ளே யூனிகோடின் யூடிஎஃப்-8, வெளியே நாம கேட்ட குறியாக்கம்.

என் லினக்ஸில் சுத்தமா ஓடுது. அவர் மடிக்கணினியில் "மாற்ற முடியவில்லை" என்று பிழை, கோப்பு முழுக்கக் குப்பை எழுத்து. காரணம் புரியுது: கிட் தானா மாற்றுவதில்லை, குறியாக்கம் மாற்றித் தரும், அந்தந்தக் கணினியின் ஐகான்வ் (iconv) நூலகத்தை நம்பியிருக்கு. அப்போ ரீட்மி (README) விளக்கக் கோப்பில் "ஆதரிக்கப்படும் குறியாக்கங்கள்" என்று நான் எதை எழுதுறது?

விண்டோஸ், மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் 'ஐகான்வ் -எல்' (iconv -l) அடித்து, பட்டியலில் திஸ்கி இருக்கா என்று சொல்லுங்க. கிட் பதிப்பு எண்ணையும் சேர்த்துப் போடுங்க.

இன்னொன்று. யூடிஎஃப்-8க்குப் போய்த் திரும்பினால் பைட் மாறாமல் இருக்கா என்று கிட் இயல்பாகச் சோதிப்பது ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கத்துக்கு மட்டும்தான். திஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னாடியே உட்காருமே, யூனிகோடில் பின்னாடி; மாற்றும்போது வரிசை குழம்பிடுமோ, அதான் பயம். அந்தச் சோதனையில் திஸ்கியைச் சேர்த்துப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?