புதுப்பிப்பு: பூனையின் கழுத்துச் சொறிக்கு உணவுதான் காரணம்

கழுத்திலும் காதோரத்திலும் முடி உதிருமளவுக்கு என் பூனை சொறிந்துகொள்வதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். தெள்ளுப்பூச்சி இல்லை என்று உறுதிசெய்த பின், புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவை மட்டும் 8 வாரங்களுக்குக் கொடுக்கும்படி கால்நடை மருத்துவர் சொன்னார். இரத்தப் பரிசோதனை போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அதை நம்ப முடியாது. சுவையூட்டிய மாத்திரைகூட இந்த 8 வாரங்களில் கூடாது (இதுதான் பெரும்பாடு). காதோரப் புண் ஆறி, மென்முடி முளைத்த பிறகு, பழைய கோழி உணவை அவர் சொற்படி மீண்டும் கொடுத்ததும் சில நாள்களிலேயே சொறி திரும்பியது. பார்க்கப் பாவமாக இருந்தாலும், இப்படிச் சோதிக்காமல் காரணம் உறுதியாகாது. அடுத்து மீனைத் தனியாகச் சோதிக்கவிருக்கிறோம். புதிய உணவை முகர்ந்துவிட்டு ஒதுங்கும் பூனையைப் பட்டினி போட்டுப் பழக்க முயல வேண்டாம். சில நாள்கள் உண்ணாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு சேரும் அபாயம் உண்டு.